கேள்வி-பதில்: நியூ ஆர்டர், ஒரு ட்ரம் மெஷின், நிறைய நஷ்டம்

போன இதழில் 'ப்ளூ மண்டே' பாட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் அந்தப் பாட்டைப் போட்ட இங்கிலாந்தின் நியூ ஆர்டர் குழுவைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் வரும்.

போஸ்ட்-பங்க், சிந்த்பாப், எலக்ட்ரானிக் ராக் என்று மூன்று பெயரையும் ஒரே குழுவுக்கு ஒட்டுகிறார்களே, எது சரி? (கோவை வாசகர்)

மூன்றுமே சரி. ஒவ்வொன்றும் அவர்கள் வந்த வழியில் ஒரு கட்டம், முந்தைய கட்டத்தை விடாமலேயே அடுத்ததற்குப் போனார்கள் என்பதுதான் விஷயம்.

1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹால் என்ற சின்ன அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசித்தது. கூட்டம் கொஞ்சம்தான். அதில் பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக் என்ற இரண்டு பள்ளிக்கூட நண்பர்கள் இருந்தார்கள். ஹூக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிடார் வாங்கிவிட்டார், வாசிக்கத் தெரியாமலே. வாசிக்கத் தெரிந்த பிறகுதான் மேடை ஏற வேண்டும் என்பதில்லை, இதுதான் பங்க் கொடுத்த தைரியம். ஆனால் அந்த மூன்று கார்ட் கூச்சல் சீக்கிரமே ஒரே மாதிரி ஆகிவிட்டது. அந்த வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சத்தத்துக்கு நடுவே காலி இடம் விட்டு, பேஸை முன்னால் கொண்டுவந்து, டிரம்ஸை வறட்டுத்தனமாக, கிட்டத்தட்ட இயந்திரம் போல அடித்து வேறொன்றைச் செய்தவர்களுக்குத்தான் போஸ்ட்-பங்க் என்று பெயர் வந்தது. சம்னர், ஹூக்கோடு பாடகர் இயன் கர்ட்டிஸ், டிரம்மர் ஸ்டீஃபன் மோரிஸ் இருவரும் சேர்ந்து அமைந்த ஜாய் டிவிஷன் அதில் முதல் வரிசை. கர்ட்டிஸ் இறந்த பிறகு மற்றவர்கள் வைத்துக்கொண்ட பெயர்தான் நியூ ஆர்டர்.

அப்புறம் மின்னணு ஒலி எழுப்பும் சிந்தசைசர் சாதாரண ஆட்கள் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியது. ஹ்யூமன் லீக், டெபெஷ் மோட் போன்றவர்கள் கிட்டத்தட்ட முழுக்கவே கீபோர்டுக்குப் போய்விட்டார்கள். அது சிந்த்பாப். நியூ ஆர்டர் அந்த இயந்திரங்களையும் வாங்கினார்கள், கிடாரையும் பேஸையும் கீழே வைக்கவில்லை. ஒரே பாட்டுக்குள் இரண்டும் தள்ளுமுள்ளு செய்துகொண்டே போகும். எலக்ட்ரானிக் ராக் என்று சொல்வது அதைத்தான்.

ஜாய் டிவிஷன் கேட்டால் மனசு கனத்துப்போகிறது. பாடகர் இறந்த பிறகு அதே ஆட்கள் ஆட்டம் போட வைக்கும் பாட்டு போட்டது எப்படி? உறுத்தவில்லையா? (மதுரை வாசகி)

இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று தற்கொலை செய்துகொண்டார். வயது 23. மறுநாள் குழு அமெரிக்காவுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கடுமையான வலிப்பு நோய், அதற்கான மாத்திரைகள், உடைந்துகொண்டிருந்த திருமணம், இத்தனைக்கும் நடுவில் இரவு இரவாக மேடை. கூட இருந்தவர்களுக்கும் இருபது சொச்சம் வயதுதான். பாட்டில் அவர் எழுதிக்கொண்டிருந்ததை நாங்கள் சரியாகக் கவனிக்கவே இல்லை என்று பின்னாளில் அவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒருவர் போனாலும் பெயரை விட்டுவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள், விட்டுவிட்டார்கள். ஆனால் வாசிப்பதை விடவில்லை. நியூ ஆர்டரின் முதல் சிங்கிள் (ஒற்றைப் பாட்டுத் தட்டு), 1981-இல் வந்த 'செரிமனி', ஜாய் டிவிஷன் கடைசியாக உருவாக்கிய பாட்டுகளில் ஒன்று. கர்ட்டிஸ் பாடிய ஒத்திகை ஒலிநாடாவில் வார்த்தை எதுவும் தெளிவாக இல்லை. சம்னர் அந்த நாடாவை ஈக்வலைசரில் போட்டு, இந்த அலைவரிசையை ஏற்றி அதை இறக்கி, என்ன சொல்கிறார் என்று காது வைத்துப் பிடித்து எழுதி, பிறகு தானே பாடினார். உறுத்தவில்லையா என்று கேட்டீர்கள், இதைவிட என்ன பதில் சொல்வது.

அதே வருஷ நவம்பரில் வந்த முதல் ஆல்பம் 'மூவ்மென்ட்' எனக்குப் பிடித்ததில்லை. யார் பாடுவது என்றே முடிவாகாமல், பாடகர் வெளியே போன அறையில் உட்கார்ந்து பழைய மாதிரியே வாசிப்பது போல இருக்கும். மாற்றியது நியூயார்க். அங்கே போகும்போதெல்லாம் கிளப்களில் எலக்ட்ரோவும் டிஸ்கோவும் கேட்டார்கள். இசை வேறு உலகம், ஆனால் துக்கத்தில் இருக்கிறவனையும் அந்த மேளம் எழுப்பி நிற்க வைக்கிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். 1982-இல் வந்த 'டெம்ப்டேஷன்' கேளுங்கள். ஏற்றி வைத்த ஸ்வரங்களைத் தானே வாசிக்கும் சீக்வென்சர் ஓடுகிறது, அதன் மேல் மோரிஸ் கையால் அடிக்கிறார், சம்னர் சுருதியைப் பற்றிக் கவலைப்படாமல் கத்துகிறார். சந்தோஷமான பாட்டா சோகமான பாட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, உட்கார்ந்து மட்டும் கேட்க முடியாது.

சம்னருக்குப் பாடவே வராது என்கிறான் என் தம்பி. (பெயர் வேண்டாம், சேலம்)

தம்பி சொல்வது சரி. பாட்டு வரிகளும் பல இடத்தில் சுமார்தான், சிலது ஒலிப்பதிவுக் கூடத்தில் கடைசி நேரத்தில் எழுதியவை. நல்ல குரல் ஒன்று அந்தப் பாட்டுகளில் வந்து உட்கார்ந்திருந்தால் கெட்டிருக்கும் என்பது என் கட்சி.

'ப்ளூ மண்டே' உண்மையில் எப்படிச் செய்தார்கள்? ஆரம்பத்தில் வரும் அந்த 'தட்-தட்-தடதடதடதட' மட்டும் எப்படி இவ்வளவு பிடித்துப்போகிறது? (திருச்சி வாசகர், இன்னும் மூன்று பேர்)

இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

1983 மார்ச்சில் வந்தது. ஏழரை நிமிஷம், நிமிஷத்துக்கு 130 தட்டு. வானொலிக்கு ஏற்ற நீளம் கிடையாது, கோரஸ் என்று ஒன்று கிடையாது, குரல் வருவதற்கே இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். இருந்தும் 12 அங்குல சிங்கிள்களிலேயே உலகத்தில் அதிகம் விற்றது இதுதான் என்கிறார்கள். மேடையில் 'ஒன்ஸ் மோர்' கேட்டால் திரும்ப வராத குழு அது, அதனால் ரசிகர்களுக்குக் கோபம். சரி, ஒரு பட்டனை அமுக்கினால் மெஷின்களே வாசிக்கும்படி ஒன்றைச் செய்து வைத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போகலாம் என்ற சோம்பேறி யோசனைதான் தொடக்கம் என்று சம்னர் சொல்லியிருக்கிறார்.

தாளம் ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற ட்ரம் மெஷின். அந்தக் கிக் டிரம் அடுக்குக்குத் தூண்டுதல் டோனா சம்மரின் ஒரு டிஸ்கோ பாட்டு. கீழே ஓடும் பேஸ் மூக் சோர்ஸ் சிந்தசைசர். அதை ஓட்டிய சீக்வென்சர், தனித்தனிப் பாகங்களாக விற்ற கிட்டை வாங்கி சம்னர் தானே சால்டர் வைத்துச் சேர்த்தது. இப்போது எல்லாக் கருவியும் மிடி கேபிள் ஒன்றில் பேசிக்கொள்ளும், அப்போது மிடி சந்தைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு கம்பெனி ட்ரம் மெஷினும் இன்னொருவர் சீக்வென்சரும் ஒத்துப்போக, தெரிந்த ஒரு விஞ்ஞானியிடம் சொல்லித் தனியாக ஒரு சர்க்யூட் செய்ய வேண்டியிருந்தது. நடுவில் கோயில் கோரஸ் மாதிரி மிதந்து வருமே, அது கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் எலக்ட்ரானிக் குழுவின் இசைத்தட்டிலிருந்து எமுலேட்டர் என்ற சாம்ப்ளரில், அதாவது எந்த ஒலியையும் பதிவு செய்து கீபோர்டில் வாசிக்க வைக்கும் கருவியில், பிடித்தது. அந்த விலை உயர்ந்த எமுலேட்டரை இயக்கக் கற்றுக்கொண்டது எப்படி என்று கில்லியன் கில்பர்ட் சொன்னதை ஒரு குடும்பப் பத்திரிகையில் எப்படி எழுதுவது... சரி, சம்னரும் மோரிஸும் மணிக்கணக்காகக் குசு விட்டுப் பதிவு செய்து பழகினார்கள். போதுமா?

இந்தக் கில்பர்ட்தான் 1980 அக்டோபரில் கீபோர்டுக்கும் கிடாருக்கும் வந்து சேர்ந்தவர், பின்னாளில் மோரிஸின் மனைவி. ஸ்வரங்களை ஒவ்வொன்றாக எண்ணி சீக்வென்சரில் ஏற்ற வேண்டும் என்பதால், நீளமான காகிதங்களை ஒட்டி ஸ்வெட்டர் பின்னும் மாதிரித்தாள் போல எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாராம். ஏற்றும்போது ஒரு ஸ்வரம் விட்டுப்போனது. அதனால் மேலே வரும் மெட்டு தாளத்தோடு கச்சிதமாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். கேட்டார்கள், நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டார்கள்.

திருச்சி வாசகருக்குப் பிடித்துப்போனது அந்தச் சாய்வுதான் என்று நினைக்கிறேன். தாளம் கல் மாதிரி நிற்கிறது, அதன் மேல் உள்ள மெட்டு சரியாக உட்காரவில்லை, அதற்கும் மேல் ஹூக்கின் பேஸ் கிடார், எனியோ மோரிகோனியின் கௌபாய்ப் பட இசையிலிருந்து திருடியது, மனிதக் கையின் இழுப்போடு வருகிறது. மூன்றும் ஒத்துப்போயிருந்தால் அரை நிமிஷத்தில் சலித்திருக்கும். பாப் இசையில் 'எனர்ஜி' என்று எல்லாரும் சொல்லும் விஷயம் வேகத்தில் இருப்பதாக நான் நம்பவில்லை, இந்த மாதிரி ஒன்றை ஒன்று இழுக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நியூ ஆர்டரின் நல்ல பாட்டு எதை எடுத்தாலும் இந்த இழுபறி இருக்கும், மோசமான பாட்டுகளில் இருக்காது.

1983 மார்ச் கடைசியில் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில், எல்லாரும் வாயசைத்துவிட்டுப் போகும் இடத்தில், இவர்கள் நிஜமாகவே வாசிப்போம் என்று அடம்பிடித்து வாசித்தார்கள். சொதப்பல். மெஷின்கள் சொன்னபடி கேட்கவில்லை, சம்னர் குரல் எங்கோ போனது. தேடிப் பாருங்கள், அருமையான சொதப்பல்.

ஹூக் பேஸ் வாசிப்பது பேஸ் மாதிரியே இல்லையே? லீட் கிடார் போல மேலே மேலே போகிறதே. (பாண்டிச்சேரி, பேஸ் கற்றுக்கொள்ளும் மாணவி)

ஆரம்பத்தில் அவரிடம் இருந்த ஆம்ப் மட்டம். சம்னரின் கிடார் சத்தத்தில் கீழ்ஸ்வரங்கள் அவர் காதுக்கே விழவில்லை, மேலே போனால்தான் கேட்டது, அப்படியே பழகிவிட்டது. இது உனக்குப் பொருந்துகிறது, இப்படியே வாசி என்று தட்டிக்கொடுத்தவர் கர்ட்டிஸ். நியூ ஆர்டர் காலத்தில் கீழ்ப்பக்கத்தை சிந்தசைசர் எடுத்துக்கொண்டதும் அவருக்கு இன்னும் வசதி. கழுத்தின் மேல்பக்கத்தில் ஒரு தந்தியில் மெட்டு, பக்கத்துத் தந்தியை சும்மா அதிரவிடுவது, கொஞ்சம் கோரஸ் எஃபெக்ட். உங்கள் ஆசிரியர் திட்டுவார், பரவாயில்லை.

ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் இரண்டு பெயருமே நாஜிக்களோடு சம்பந்தப்பட்டவையாமே? தெரிந்துதான் வைத்தார்களா? (சென்னை வாசகர்)

முதல் பெயர் தெரிந்தே வைத்தது. நாஜி முகாம்களில் பெண்களை அடைத்து வைத்த பகுதிக்கு ஒரு நாவலில் வரும் பெயர் அது. இரண்டாவதை மேலாளர் ராப் கிரெட்டன் கம்போடியா பற்றிய ஒரு பத்திரிகைச் செய்தியில் பார்த்துச் சொன்னதாகக் குழு சொல்கிறது, ஹிட்லரின் 'புதிய ஒழுங்கு' ஞாபகமே வரவில்லையாம். அவர்கள் அரசியலில் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போரைப் பார்த்த பெற்றோரை அதிர வைக்க ஸ்வஸ்திகா குத்திக்கொண்டு திரிவது அந்தக் கால பங்க் பிள்ளைகளின் வேலை. ஆனால் ஒரு முறை அந்தக் கேள்வியில் மாட்டியவர்கள் இரண்டாம் முறையும் போய் அதே பள்ளத்தில் விழுந்ததை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. விளக்கம் கேட்ட பத்திரிகைக்காரர்களுக்கு அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்னும் மோசம்.

அலை அலையாகக் கோடு போட்ட அந்தக் கறுப்பு டி-ஷர்ட்? எல்லாக் கடையிலும் விற்கிறார்கள். (ஈரோடு)

ஜாய் டிவிஷனின் 1979 ஆல்பம் 'அன்நோன் ப்ளஷர்ஸ்' அட்டை. அதில் இருப்பது சிபி 1919, முதன்முதலில் கண்டுபிடித்த பல்சார் (சீராக ரேடியோ துடிப்பு அனுப்பும் நட்சத்திரம்), 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் கண்டது. அந்த நட்சத்திரத்தின் துடிப்புகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்த படம் ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் இருந்தது, வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அதைக் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப் போட்டார். சட்டை போட்டிருப்பவரிடம் ஒரு பாட்டுப் பேர் சொல் என்று மடக்காதீர்கள், அது அசிங்கம்.

'ப்ளூ மண்டே' அட்டைக்கே காசு போய் விற்க விற்க நஷ்டம் என்பது கதையா, நிஜமா? (தஞ்சாவூர்)

கதையும் நிஜமும் கலந்தது. அட்டையை ஃப்ளாப்பி டிஸ்க் போல ஓட்டைகள் வெட்டி சாவில்தான் வடிவமைத்தார். முன்பக்கம் குழுவின் பெயரோ பாட்டின் பெயரோ கிடையாது, ஓரத்தில் வண்ணக் கட்டங்கள் மட்டும். அந்த வண்ணங்களைப் படிக்க வேண்டிய சாவி அதே வருஷம் வந்த 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்' ஆல்பத்தின் பின் அட்டையில் இருந்தது, அதன் முன் அட்டையிலோ ஃபான்டின்-லாட்டூர் வரைந்த ரோஜாக் கூடை. ஓட்டை வெட்டுவது செலவு பிடித்த வேலை, ஒவ்வொரு தட்டுக்கும் சில பென்னி கையை விட்டுப் போனது என்று இவர்கள் தட்டுகளை வெளியிட்ட ஃபாக்டரி ரெக்கார்ட்ஸின் டோனி வில்சன் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தார். எத்தனை பென்னி என்பது சொல்கிற ஆளைப் பொறுத்து மாறும். இவ்வளவு விற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, பின்னால் அட்டையை மலிவாக்கிவிட்டார்கள்.

நிஜமான ஓட்டை அட்டையில் இல்லை, கிளப்பில் இருந்தது. 1982 மே 21-இல் மான்செஸ்டரில் விட்வொர்த் தெருவில், முன்பு படகு விற்ற கூடத்தில், ஃபாக்டரியும் நியூ ஆர்டரும் சேர்ந்து ஹசியெண்டா என்ற நடனக் கிளப்பைத் திறந்தார்கள். முதல் சில வருஷம் பெரும்பாலும் காலி. அப்புறம் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வந்து வரிசை தெருவைத் தாண்டி நின்றது, அப்போதும் காசு வரவில்லை, ஏனென்றால் உள்ளே வந்தவர்கள் எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரை போட்டுக்கொண்டு தண்ணீர்தான் குடித்தார்கள், பாரில் யார் பீர் வாங்குவது? பிறகு ரவுடிக் கும்பல்கள், துப்பாக்கி. உலகம் முழுக்க இவர்கள் தட்டு விற்ற காசு இந்தக் கூடத்தின் வழியாக ஓடிப்போனது. ஃபாக்டரி 1992-இல் திவால், கிளப் 1997-இல் மூடியது, இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு, பெயர் மட்டும் ஹசியெண்டா. நான் அங்கே காசாளராக இருந்திருந்தால் அழுதிருப்பேன், ஆனால் அந்தக் கிளப் இல்லாமல் 'டெக்னிக்' ஆல்பம் வந்திருக்காது.

எதிலிருந்து ஆரம்பிப்பது? (பல பேர்)

சோம்பேறிகளுக்கு 1987-இல் வந்த 'சப்ஸ்டன்ஸ்', 12 அங்குல சிங்கிள்களின் தொகுப்பு. 'ட்ரூ ஃபெய்த்', 'பிஸார் லவ் ட்ரையாங்கிள்' எல்லாம் இதில் உண்டு. முழு ஆல்பமாகக் கேட்க 1985-இன் 'லோ-லைஃப்', 1989-இன் 'டெக்னிக்'. இரண்டாவதைப் பாதி ஸ்பெயினின் இபிஸா தீவில் வெயில் காய்ந்துகொண்டே செய்தார்கள், கேட்டாலே தெரியும். 'த பர்ஃபெக்ட் கிஸ்' பாட்டை மட்டும் வீடியோவோடு பாருங்கள். சினிமா இயக்குநர் ஜொனாதன் டெமி எடுத்தது. கதை, நடனம் ஒன்றும் இல்லை, ஒத்திகை அறையில் நாலு பேரும் வாசிப்பதை முகமும் விரலுமாகக் காட்டுகிறார். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை, வங்கிக் கணக்கு டேலி பார்ப்பவர்கள் போல அவ்வளவு கவனம், வெளியே வரும் இசையோ குதிக்க வைக்கிறது. நடுவில் தவளை வேறு கத்தும். 1990 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து அணிக்காகப் போட்ட 'வேர்ல்ட் இன் மோஷன்' பிரிட்டனில் இவர்களுடைய ஒரே நம்பர் ஒன் சிங்கிள். கால்பந்து வீரர் ஜான் பார்ன்ஸ் ராப் பாடுவார். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கல்லூரியில் பேண்ட் வைத்திருக்கிறோம். லேப்டாப்பில் ட்ராக், மேலே கிடார், பேஸ். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்க சவசவ என்று இருக்கிறது. (திருநெல்வேலி)

எல்லாம் சரியாக இருப்பதுதான் வியாதி. மென்பொருளில் குவாண்டைஸ் போட்டு எல்லாத் தட்டையும் கட்டத்துக்குள் தள்ளியிருப்பீர்கள். டிரம்ஸை அப்படியே வையுங்கள், அது கல்லாக இருக்க வேண்டும். பேஸை மட்டும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டாமல் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே டேக்கில் வாசித்துப் பதிவு செய்யுங்கள், முன்னே பின்னே போகட்டும். உங்களில் ஒரு டிரம்மர் இருந்தால் ட்ரம் மெஷினோடு சேர்ந்தே அடிக்கச் சொல்லுங்கள், ஹை-ஹாட் மட்டும் போதும். கீழ்ப்பக்க பேஸ் சிந்துக்கு, கிடார் நடுவுக்கு, பேஸ் கிடார் மேலே என்று இடம் பிரித்துக்கொள்ளுங்கள், மூன்றும் ஒரே இடத்தில் மோதினால் சேறாகிவிடும். அப்புறம் கீபோர்டு லூப்பை நாலு பாருக்குப் பதில் மூன்று பாராக வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் வந்து விழும். நன்றாக இல்லையென்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம், என்னைத் திட்டிக் கடிதம் எழுதலாம்.

ஹூக் இல்லாத நியூ ஆர்டர் நியூ ஆர்டர்தானா? (பெங்களூரிலிருந்து ஒரு தமிழ் வாசகர்)

ஹூக் 2007-இல் பிரிந்தார், நிரந்தரமாக. குடும்பத்துக்காக இடையில் விலகியிருந்த கில்பர்ட் 2011-இல் திரும்பி வந்தார். பேஸுக்கு டாம் சாப்மன். பெயரிலிருந்து வரும் பணத்துக்காக வழக்கு நடந்து 2017-இல் சமரசம் ஆனது, பேச்சுவார்த்தை இல்லை. இவர்கள் 2015-இல் போட்ட 'மியூசிக் கம்ப்ளீட்' நான் பயந்த அளவுக்கு இல்லை, நல்ல ஆல்பமே. ஹூக் தன் குழுவோடு பழைய ஆல்பங்களை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாக வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். ஆக ஒரே பாட்டுகளை இரண்டு கடையில் விற்கிறார்கள். அந்த மேல்ஸ்வர பேஸ்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் ஹூக் பக்கம் போங்கள். எனக்கு ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மோரிஸ் டிரம்ஸ் அடிக்கிற பக்கம் போவேன், ட்ரம் மெஷினோடு சேர்ந்து அடித்து அதை ஜெயிக்கிற ஆள் அவர்.